நியூமன் மாதிரியை வார்டுக்குக் கொண்டுவருவது: ஆபரேஷன் நோயாளியின் பதற்றத்தைக் குறைக்கும் செய்முறை

நர்சிங் மாணவர்களின் கேஸ் பிரசென்டேஷனில், பெட்டி நியூமன் என்ற செவிலியர் வகுத்த பராமரிப்பு மாதிரி என்றாலே நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள், மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. சார்ட் அழகாகத்தான் இருக்கும். அந்தச் சார்ட்டுக்கு உரிய நோயாளியோ 12-ஆம் படுக்கையில் தூங்காமல் மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் இங்கே சொல்லப்போவது. அறுவை சிகிச்சை வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியரையும், தியரி அப்ளிகேஷன் எழுத வேண்டிய மாணவரையும் மனதில் வைத்து எழுதியது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கேஸ் வைத்துக்கொள்வோம். 45 வயதுப் பெண், பித்தப்பையில் கல், அந்தப் பையை எடுக்க நாளைக் காலை லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்), லிஸ்டில் மூன்றாவது. கூட இருப்பவர் கணவர். தமிழ்நாட்டின் எந்தப் பொது அறுவை சிகிச்சை வார்டிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி இருப்பார்கள்.

கோடுகளைப் பற்றித் தேவையான அளவு

நியூமன் அமெரிக்கச் செவிலியர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக 1970-இல் இந்த மாதிரியை வகுத்து, 1972-இல் வெளியிட்டார். நடு வட்டம், உயிரோடு இருக்க வேண்டிய அடிப்படைகள். அதைச் சுற்றி உள்ளே இருப்பவை எதிர்ப்புக் கோடுகள்: உடலின் நோய் எதிர்ப்பு போன்ற உள்வலிமை. அதற்கு வெளியே இயல்புக் காப்புக் கோடு: இந்த ஆள் வழக்கமாக எப்படி இருப்பாரோ அந்த நிலை. எல்லாவற்றுக்கும் வெளியே நெகிழ் காப்புக் கோடு. ஆர்மோனியத்தின் துருத்தி போல இது விரியும், சுருங்கும். ஒரு ராத்திரி தூக்கம் போனால், பட்டினி கிடந்தால், வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறதே என்று நினைத்தால் சுருங்கிவிடும். சுருங்கிய நேரத்தில் வரும் சின்ன அதிர்ச்சியும் நேராக உள்ளே பாயும்.

அழுத்தம் தருபவை மூன்று இடங்களிலிருந்து வரும்: ஆளுக்குள்ளே இருந்து (பயம், வலி, சர்க்கரை), ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் இருந்து (கணவர், டாக்டர், பக்கத்துப் படுக்கை), வெளியே இருந்து (பணம், காப்பீட்டு அட்டை, வார்டுச் சத்தம்). செவிலியர் செய்யும் வேலையும் மூன்று அடுக்கு: அழுத்தம் உள்ளே நுழையும் முன் தடுப்பது, நுழைந்தபின் குறைப்பது, மீண்டு வந்தவரை அப்படியே நிலைக்க வைப்பது. முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலைத் தடுப்பு என்று பாடத்தில் படித்தது இதைத்தான்.

தேர்வுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும். வார்டுக்கு இது போதும். நியூமனிடம் உண்மையில் பயன்படும் பொருள் வளையங்கள் அல்ல, அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் உள்ள ஆறு கேள்விகள். பெரும்பாலான கேஸ் புத்தகங்களில் விட்டுப்போவதும் அவைதான்.

முதலில் அளவெடுங்கள்

முதல் நாள் மாலை, டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து, பார்வையாளர் நேரமும் ஓய்ந்த பிறகு போங்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் “ஒண்ணும் இல்ல சிஸ்டர்” என்ற பதில்தான் வரும். மொத்தம் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். கணவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவர் முன்னால் சொல்லாத ஒன்று எப்போதும் இருக்கும்.

பிபி, நாடித் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை பாருங்கள். பிபி கூடுதலாகக் காட்டினால் உடனே எழுதிவிடாமல், பேச்சு முடிந்து நோயாளி சாய்ந்திருக்கும்போது இன்னொரு முறை பார்த்து இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள். பிறகு பதற்றத்துக்கு ஓர் எண். 0 முதல் 10 வரை என்று கேட்டால் பலருக்குப் பிடிபடாது. “பத்து ரூபாய் இருக்குன்னா, அதுல எத்தனை ரூபாய்க்குப் பயம் இருக்கும்மா?” என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள்.

கொஞ்சம் கூடுதல் துல்லியம் வேண்டுமானால் ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் இருக்கிறது. 1996-இல் வந்தது, ஆறே வாக்கியங்கள். மயக்க மருந்தைப் பற்றி மூன்று, ஆபரேஷனைப் பற்றி மூன்று: கவலையாக இருக்கிறது, அதே நினைவாக இருக்கிறது, முடிந்த அளவு தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். கவலை வாக்கியங்கள் நான்கையும் கூட்டினால் 4 முதல் 20 வரை வரும்; 11-ஐத் தொட்டாலே பதற்றம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். தெரிந்துகொள்ளும் ஆசைக்கான இரண்டையும் தனியாகக் கூட்டுங்கள். அது 2 முதல் 4-க்குள் இருந்தால் இவர் விவரம் வேண்டாம் என்கிறவர். அவரிடம் போய் கத்தி, கேமரா, டியூப் என்று அடுக்கினால் பதற்றம் ஏறும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே சொற்பொழிவு நிகழ்த்துவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

ஆறு கேள்விகள், இரண்டு பத்திகள்

நியூமனின் கேள்விகளை வார்டுப் பேச்சில் இப்படிக் கேட்கலாம்:

1. இப்போ உங்களுக்கு ரொம்பக் கவலையா இருக்கிறது எதும்மா?
2. வீட்ல இருக்கிற மாதிரி இல்லாம இப்போ என்ன மாறியிருக்கு? தூக்கம், சாப்பாடு, மனசு?
3. இந்த மாதிரி ஒரு கஷ்டம் முன்னாடி வந்திருக்கா? அப்போ எப்படிச் சமாளிச்சீங்க?
4. ஆபரேஷன் முடிஞ்சு எப்படி இருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?
5. உங்களுக்காக நீங்களே என்ன செஞ்சுக்க முடியும்?
6. நாங்க என்ன செய்யணும், வீட்ல யார் என்ன செய்யணும்னு எதிர்பார்க்கிறீங்க?

ஒரு தாளை நடுவில் கோடு கிழித்து இரண்டாக்குங்கள். இடப்பக்கம் நோயாளி சொன்னது, அவர் வாயில் வந்த சொற்களிலேயே. வலப்பக்கம், அதே கேள்விகளுக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிந்த பதில். நியூமன் இந்த இரண்டையும் தனித்தனியே எழுதி, எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்க்கச் சொன்னார். மாதிரியின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது.

நம் எடுத்துக்காட்டில் வலப்பக்கம் இப்படி வரும்: வலி, தொற்று அபாயம், நீண்ட பட்டினி, முதல்முறை அனஸ்தீசியா. இடப்பக்கம் வருவது வேறு: “மயக்கம் கொடுத்தா எழுந்திருக்கவே மாட்டேனோ.” “தாலியக் கழட்டச் சொல்வாங்களாமே.” “பிளஸ் டூ படிக்கிற பொண்ணு வீட்ல தனியா இருக்கா.” “பித்தப்பையை எடுத்துட்டா அப்புறம் எதுவும் சாப்பிடவே முடியாதாமே.” நான்கில் மயக்க பயம் ஒன்றுதான் இரண்டு பத்திக்கும் பொது. மற்ற மூன்றையும் கேட்டிருக்காவிட்டால் உங்கள் கேர் பிளானில் அவை வந்தே இருக்காது. வலியைப் பற்றி அரைமணி நேரம் விளக்கியும் அவர் தூங்கியிருக்க மாட்டார்.

மூன்றாவது கேள்வியை அவசரத்தில் விடாதீர்கள். “ரெண்டாவது பிரசவத்துல முருகா முருகான்னு சொல்லிட்டே இருந்தேன்” என்று பதில் வந்தால், நாளைக்குத் தியேட்டர் வாசலில் நீங்கள் நினைவுபடுத்த வேண்டியது அதைத்தான். மூச்சுப் பயிற்சியைவிட அவருக்குப் பழகிய ஆயுதம் அது.

முதல் நாள் மாலை செய்ய வேண்டியவை

“பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது” என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். அது பயத்தைக் குறைக்காது, பேச்சைத்தான் நிறுத்தும். அதற்குப் பதில் என்ன சொல்வது? 1970-களில் ஜீன் ஜான்சன் என்ற செவிலியர் ஆய்வாளர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். பித்தப்பை ஆபரேஷன் நோயாளிகளும் அவர் ஆய்வில் இருந்தார்கள். டாக்டர் என்ன செய்வார் என்பதைவிட, நோயாளிக்கு என்ன தெரியும், கேட்கும், எப்படி உணர்வார் என்பதை முன்கூட்டியே சொல்வது தவிப்பைக் குறைக்கிறது என்பது அவர் வழி. ஆகவே வரிசையாக, உணர்வாகச் சொல்லுங்கள்:

“தியேட்டர் உள்ள ஏசி ஜில்லுனு இருக்கும், கேட்டா போர்வை தருவாங்க. படுக்கிற மேசை ஒடுக்கமா இருக்கும். மேல பெரிய வட்ட லைட். நெஞ்சுல ஒட்டுற ஸ்டிக்கர் சில்லுனு படும். கையில கட்டின பிபி பட்டை தானா இறுக்கும், தானா விடும். ஊசி மருந்து ஏத்தும்போது கையில சில விநாடி எரியலாம். அதோட தூங்கிடுவீங்க. முழிக்கும்போது தொண்டை கரகரன்னு இருக்கும், வாய் காஞ்சிருக்கும், குளிர்ல நடுக்கம் வரலாம். வயித்துல நாலு சின்ன பிளாஸ்திரி இருக்கும்.”

லேப்ராஸ்கோப்பிக்கு வருபவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: தோள்பட்டை வலி. வயிற்றை விரிக்க, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்துவார்கள். அது உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) எரிச்சலூட்ட, வலி தோளில் தெரியும், பெரும்பாலும் வலது தோளில். ஓரிரு நாளில் குறையும். சொல்லாமல் விட்டால், ராத்திரி 2 மணிக்கு “வயித்துல ஆபரேஷன், தோள்ல ஏன் வலி? ஹார்ட் அட்டாக்கா?” என்று மொத்தக் குடும்பமும் நர்ஸ் ஸ்டேஷனில் நிற்கும். (முன்பே சொல்லியிருந்தாலும் மூச்சுத்திணறலோடு, நெஞ்சு இறுக்கத்தோடு, வியர்வையோடு வரும் தோள்வலியை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.)

வலியை எப்படிச் சமாளிப்பது என்று முன்பே சொல்லிக்கொடுப்பதற்கும் பழைய சான்று உண்டு. 1964-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் எக்பர்ட்டும் அவர் குழுவினரும் வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வலி எங்கே வரும், தசையை எப்படித் தளர்த்துவது, எப்படித் திரும்பிப் படுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிரிவுக்குத் தேவைப்பட்ட போதை வகை வலிமருந்து ஏறக்குறைய பாதி. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். சொல்லிக்கொடுத்ததற்கு ஆன செலவு கொஞ்சம் நேரம் மட்டுமே.

சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாமல் செய்து காட்டச் சொல்லுங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடுவது. பத்து முறை. பிறகு மடித்த போர்வையை வயிற்றில் அணைத்துப் பிடித்து இருமுவது. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது. ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுவது. ஆபரேஷன் முடிந்த அன்று வலியோடு இருப்பவருக்கு இதெல்லாம் புதிதாக ஏறாது. வலி இல்லாத இந்த மாலையில்தான் ஏறும்.

மயக்க பயத்துக்கு உங்கள் பதில் அல்ல, மயக்க மருந்து டாக்டரின் பதில்தான் வேண்டும். கேள்வியை ஒரு சீட்டில் எழுதி கேஸ் ஷீட்டில் குத்தி வையுங்கள். அவர் வரும்போது நோயாளி மறந்துவிடுவார், சீட்டு மறக்காது. ஆபரேஷனின் ஆபத்துகளை விளக்கிக் கன்சென்ட் (சம்மதக் கையெழுத்து) வாங்குவதும் சர்ஜன் வேலை. கையெழுத்துப் போட்டபிறகும் “எதுக்குன்னு தெரியல” என்று நோயாளி சொன்னால், நீங்களாக விளக்கி மூடிவிடாமல் சர்ஜனுக்குச் சொல்லுங்கள். பித்தப்பை பித்தத்தைச் சேர்த்து வைக்கும் பை மட்டுமே, சுரப்பது கல்லீரல், ஆகவே அது இல்லாமலும் சாப்பிடலாம் என்ற பொதுவான விளக்கத்தை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

மகள் விஷயத்தைக் கணவரிடம் பேசி முடியுங்கள்: இன்று ராத்திரி யார் அவளோடு படுப்பார்கள், நாளை ஆபரேஷன் முடிந்ததும் யார் அவளுக்குப் போன் செய்வார்கள். இரண்டு பெயர் கிடைத்துவிட்டால் பத்து ரூபாய் பயத்தில் இரண்டு ரூபாயாவது அங்கேயே குறையும்.

தாலி

இதற்குத் தனியாக இடம் கொடுக்கக் காரணம் உண்டு. உலோகம் உடலில் இருந்தால், டயத்தெர்மி என்ற மின்சாரக் கருவி பயன்படும்போது அந்த இடத்தில் தீக்காயம் ஏற்படும் அபாயம் இருக்கிறது. நகை தொலையவும் வாய்ப்புண்டு. ஆகவே கழற்ற வேண்டும். ஆனால் காலை 7 மணிக்கு, டிராலி வாசலில் நிற்க, “சீக்கிரம் கழட்டுங்கம்மா” என்று நாலு பேர் முன்னால் சொன்னால், அந்த நிமிடத்தில் அவர் மனதில் ஓடுவது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நியூமனின் மொழியில், நெகிழ் கோடு மிகச் சுருங்கியிருக்கும் நேரத்தில் சமூகம், நம்பிக்கை என்ற இரண்டு பக்கமும் ஒரே அடி.

முதல் நாள் மாலையே பேசுங்கள். தங்கத்தைக் கழற்றி, உலோகம் இல்லாத மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டிப் போட்டுக்கொள்வது பல வீடுகளில் வழக்கம்தான். கழுத்தில் அப்படி இருக்கலாமா என்று சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் கேளுங்கள். கழுத்தில் கூடாது என்றால், எங்கே வைக்கலாம் என்பதையும் இன்றே பேசிவிடுங்கள். கழற்றுவதைக் கணவரோ மாமியாரோ செய்யட்டும். திரை இழுத்துவிடுங்கள். நகையை எண்ணி, அவர்கள் கையில் கொடுத்து, கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கழன்று வராத மூக்குத்திக்கு சோப்பு நுரையும் பொறுமையும் வேண்டும், அதையும் மாலையிலேயே செய்தால் காலையில் ரத்தக்காயத்தோடு தியேட்டருக்குப் போக வேண்டியிருக்காது.

பட்டினி

லிஸ்டில் மூன்றாவதாக இருப்பவரையும் “ராத்திரி 10 மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாது” என்று நிறுத்துவது பழைய பழக்கம். தியேட்டர் தாமதமானால் மதியம் 1 மணிக்கு, 15 மணி நேரப் பட்டினியோடு, தலைவலியோடு உள்ளே போவார். அமெரிக்க மயக்க மருந்து டாக்டர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலில், வேறு சிக்கல் இல்லாத நோயாளிக்கு லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டத்துக்கு 8 மணி நேரம் அல்லது அதற்கு மேல், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும். பால் தெளிந்த நீர் அல்ல, கஞ்சியும் அல்ல. நீங்களாகத் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, வாந்தி இருப்பவர், வயிறு காலியாகத் தாமதமாகிறவர் எல்லோருக்கும் கணக்கு வேறு. “மூன்றாவது கேஸ், எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம்?” என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு, நேரத்தைப் படுக்கைத் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள்.

தியேட்டர் வாசல்

வார்டில் ஒருவர், வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர் என்று எல்லோரும் பெயரையும் ஆபரேஷனையும் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள முறை அது. நோயாளிக்கோ “யாருக்கு என்ன ஆபரேஷன்னே தெரியலையா இவங்களுக்கு?” என்று வயிற்றைக் கலக்கும். “ஆள் மாறக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் கேட்பாங்க, எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுங்க” என்று முன்பே சொல்லிவிட்டால் அதே கேள்வி தைரியம் தரும். கண்ணாடியும் காது மிஷினும் கடைசி நிமிடம் வரை இருக்கட்டும். பார்வையும் காது கேட்பதும் மங்கியவருக்குப் பயம் இரட்டிப்பு. பதற்ற எண்ணை இங்கே இரண்டாம் முறை கேட்டு எழுதுங்கள்.

விழித்த பிறகு

காதருகே, பெயர் சொல்லி, மூன்றே செய்தி: ஆபரேஷன் முடிந்தது, எங்கே இருக்கிறீர்கள், வீட்டுக்காரர் வெளியே இருக்கிறார். அரை மயக்கத்தில் மறந்துபோவார், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சொல்லுங்கள். நடுக்கத்துக்குப் போர்வை. வலி மருந்தை, எழுதிய நேரத்தில், வலி உச்சிக்குப் போகும் முன் கொடுங்கள். நேற்றுப் பழகிய மூச்சையும் இருமலையும் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை செய்ய வையுங்கள்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது, தியரி படித்தவருக்குத்தான் அதிகம். ஆபரேஷன் முடிந்தவர் புரள்கிறார், நாடி 120, “என்னமோ பண்ணுது” என்கிறார். பதற்றம் என்று எழுதிவிடாதீர்கள். உள்ரத்தக்கசிவு, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை இறக்கம், நிரம்பி வெளியேறாத சிறுநீர்ப்பை எல்லாமே முதலில் பதற்றம் போலத்தான் முகம் காட்டும். ஆக்சிஜன் சாச்சுரேஷன், பிபி, சர்க்கரை, டிரெயின் (கழிவு வடியும் குழாய்), டிரெசிங், வயிறு, சிறுநீர் அளவு அனைத்தையும் பார்த்து, டாக்டருக்குச் சொல்லி, எல்லாம் சரி என்று ஆனபிறகே பதற்றம் என்ற பெயரை வைக்கலாம்.

டிஸ்சார்ஜும் எழுத்தும்

மூன்றாம்நிலைத் தடுப்பு என்பது வீட்டுக்குப் போனபிறகு வரும் பயத்தை முன்கூட்டியே கையாள்வது. எண்ணெய் அதிகமாகச் சாப்பிட்டால் கொஞ்ச நாள் வயிற்றுப்போக்கு ஆகலாம், சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடலாம். தண்ணீர்க் குடம் எப்போது தூக்கலாம் என்று டாக்டரிடம் தேதி கேட்டு எழுதிக் கொடுங்கள். உடனே திரும்பி வர வேண்டியவை: காய்ச்சல், கண் மஞ்சள், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, காயத்தில் சீழ். இதைக் கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், நோயாளியும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கேஸ் புத்தகத்தில் “நோயாளி பதற்றமின்றி இருப்பார்” என்று இலக்கு எழுதாதீர்கள். அப்படி ஒருவரும் இருக்க மாட்டார், அளக்கவும் முடியாது. “பதற்ற எண் 8-இலிருந்து தியேட்டருக்குப் போகும் முன் 5 அல்லது அதற்குக் கீழ், மூச்சுப் பயிற்சியைத் தானே செய்து காட்டுவார்” என்று எழுதுங்கள். எண் இறங்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதி, இடப்பக்கப் பத்தியை மறுபடி படியுங்கள். பெரும்பாலும் அதில் நீங்கள் தொடாத ஒரு வரி மிச்சம் இருக்கும்.

வேறு தியரி எடுக்கலாமா? குழந்தை நோயாளிக்கும் நீண்ட வலிக்கும் செவிலியர் கோல்கபாவின் சௌகரியக் கோட்பாடு நன்றாகப் பொருந்தும். ஸ்டோமா (மலம் அல்லது சிறுநீர் வெளியேற வயிற்றில் வைத்த திறப்பு) போட்டு வீட்டுக்குப் போகிறவருக்குச் செவிலியர் ஓரெமின் சுயபராமரிப்புக் கோட்பாடு. ஒரே கேஸில் நான்கு தியரியை அடுக்கினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

அவசர கேஸில் 15 நிமிடம் கிடைக்காது. குடல்வால் வெடித்து ராத்திரி வந்தவருக்கு முதல் கேள்வியையும் ஆறாவது கேள்வியையும் மட்டும் கேளுங்கள். டிராலி தள்ளும்போதே, “முகத்துல மாஸ்க் வைப்பாங்க, தூங்கிடுவீங்க, முழிக்கும்போது தொண்டை வலிக்கும்” என்று சொல்லுங்கள். ஒரு கை டிராலியில் இருந்தால் இன்னொரு கை அவர் தோளில் இருக்கட்டும். மிச்ச நான்கு கேள்விகளை மறுநாள் காலை, டிரெசிங் முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.